மூவண்ண நாயகனும் வசனம் இல்லாத கூட்டமும்

“...எல்லைல வர்றவனை அடிக்கிறாரு, சரி. வேற கிரகத்துலேர்ந்து வர்றவனை அடிக்கிறாரு, அதுவும் சரி. இப்போ ஒரு குடிசையைத் தலைக்கு மேல தூக்கிக்கினு நிக்கிறாரே, இவரு யாரை அடிக்கிறதுக்கு சார் நிக்கிறாரு?”

எங்கள் ஓவியர் இப்படிக் கேட்டபோது ஆசிரியர் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் உயரத்தில், டபரா கீழே. கேள்வி முடிந்ததும் நடுவில் ஓடிய காபி இழை சட்டென்று அறுந்தது. அவர் டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை. பதில் இல்லாதபோது அவர் கண்ணாடி துடைப்பார், அவ்வளவுதான்.

நாங்கள் மூன்று பேர். அபிராமபுரத்தில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் ஹால்தான் எங்கள் ஆபீஸ். அங்கிருந்துதான் மாதம் ஒரு சிறுவர் காமிக்ஸ் வெளியே வருகிறது. ஆசிரியர் பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கதை எழுதுவது, புத்தகத்தைக் கட்டி அனுப்புவது, எங்களுக்குக் காபி போடுவது எல்லாம் அவர் வேலை. ஓவியர் முப்பது வயதைத் தொடாத பெண். பள்ளிக்கூடச் சுவர்களில் படம் வரைந்துகொண்டிருந்தவளை ஆசிரியரே தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். நான் வசனம்.

நான் வசனம் எழுத வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கல்யாணக் கோஷ்டிகள் பேசுவதைக் கேட்டே என் பாதி ஆயுள் போனது. சம்பந்தியம்மாள் ‘நல்லாத்தான் இருக்கு’ என்றால் நன்றாக இல்லை. ‘உங்க இஷ்டம்’ என்றால் சண்டை ஆரம்பம். ‘இன்னும் நாலு கடை பார்த்துட்டு வரோம்’ என்றால் திரும்பி வரமாட்டார்கள். ஒன்றும் சொல்லாமல் முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், எடுத்துவிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் எனக்கு மறக்காது. ராத்திரி வீட்டுக்கு வந்து தம்பியின் காமிக்ஸ் புத்தகங்களைப் படிப்பேன். எனக்குத் தமிழ் படிக்க வந்ததே அந்தப் பழக்கத்தில்தான்.

இந்த இதழை ஒருநாள் பழைய புத்தகக் கடையில் பார்த்தேன். படித்துவிட்டு, அதில் போட்டிருந்த நம்பருக்கு போன் செய்தேன். “சார், உங்க வில்லன் ‘உன்னை நான் அழித்தொழிப்பேன்’னு சொல்றான். எந்த ரவுடி சார் அப்படிப் பேசுவான்? சொல்லி முடிக்கறதுக்குள்ள அவனுக்கே மூச்சு வாங்குமே.”

“அப்போ எப்படிப் பேசுவான்னு சொல்லுங்கோ” என்றார் அந்தப் பக்கம்.

“‘வீடு போய்ச் சேர மாட்டே’ன்னு சொல்லுவான் சார். கத்த மாட்டான். மெதுவாச் சொல்லுவான்.”

அந்தப் பக்கம் அவர் அதைத் தாளில் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு, “நாளைக்கு ஆத்துக்கு வர முடியுமா?” என்றார்.

எங்கள் நாயகன் தேசபக்த நாயகன். மயிலாப்பூரில் தபால் ஆபீஸ் கிளார்க். ஆபத்து என்றால் மொட்டை மாடிக்கு ஓடி, காய்கிற புடவைகளுக்குப் பின்னால் உடை மாற்றிக்கொண்டு பறப்பான். அது யார் வீட்டுப் புடவை என்று எந்த இதழிலும் நாங்கள் சொன்னதில்லை. மார்பில் மூன்று வண்ணப் பட்டை. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து செய்த முதல் இதழில் அந்தப் பட்டை இடுப்பு பெல்ட் வரை இறங்கி, அதன் முனை முட்டி வரை தொங்கியது. ஆசிரியர் பதறிப்போனார். கொடியின் வண்ணம் இடுப்புக்குக் கீழே வரக்கூடாது, சட்டம் இருக்கிறது என்று ஸ்கேலை எடுத்துக்கொண்டு பக்கம் பக்கமாக உட்கார்ந்துவிட்டார். ஓவியர் ரப்பரால் அழித்துக்கொண்டே, “அக்கா, நோட் பண்ணிக்கோ. தேசபக்தி எல்லாம் தொப்புளுக்கு மேலதான்” என்றாள். ஆசிரியர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

அவர் அப்படித்தான். சொல்கிறவர் சரியாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். ராயப்பேட்டையில் எங்கள் அச்சகக்காரர் ஒரு பாய் இருக்கிறார். வீட்டில் உருதுவும் கடையில் தமிழும் பேசுகிறவர். ஒருமுறை அச்சுக்கு வந்த பக்கங்களைப் புரட்டிவிட்டு என்னிடம், “ஏம்மா, உங்க வில்லனுக்கு ஷேவிங் பிளேடு வாங்க வழியில்லையா? மூணு புக்கா பாக்கறேன், ஆளுதான் மாறுறான், தாடி மாறல. கண்ணாடி முன்னாடி நிக்கவே எனக்குப் பயமா இருக்கு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பாதியில் அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டு மிஷினைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இதை அப்படியே வந்து ஆசிரியரிடம் சொன்னேன். அன்று முழுக்க அவர் கண்ணாடி துடைத்தார். அடுத்த இதழில் வில்லன் மழுமழுவென்று சவரம் செய்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவனைப் பார்த்தால் தன் மச்சினர் மாதிரியே இருப்பதாக ஆசிரியருக்கு ஒரு கவலை. மச்சினர் காமிக்ஸ் படிக்கிறவர் இல்லை, அதனால் குடும்பம் பிழைத்தது.

தேசபக்த நாயகர்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், நான் படித்த படிப்பு இதுதானே. நம் ஊர்ப் புத்தகமோ வெளியூர்ப் புத்தகமோ, கொடியை உடம்பில் போட்டுக்கொண்ட நாயகனுக்கு ஒரு வசதி உண்டு. அவனுக்கு எப்போதும் விடை தெரியும். கெட்டவன் எப்போதும் வெளியிலிருந்துதான் வருவான். நாயகன் யாரிடமும் வழி கேட்கமாட்டான், க்யூவில் நிற்கமாட்டான். ஜனங்கள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். அந்த ஜனங்களுக்கு வசனம் எழுதுகிற வேலை ரொம்பச் சுலபம். அதிலும் மூன்றே வார்த்தைகள்தான். வரும்போது ‘அதோ!’. அடிவாங்கும்போது ‘ஐயோ!’. ஜெயித்ததும் ‘வாழ்க!’. இந்த மூன்றை வைத்துக்கொண்டே ஒரு தேசத்தை நடத்திவிடலாம் போலிருக்கிறது.

ஆனால் எங்கள் ஓவியரிடம் அந்தச் சுலபம் செல்லாது. அவளுக்கு ஒரு பழக்கம். முதலில் நான் எல்லா வசனத்தையும் குரல் மாற்றி மாற்றிச் சத்தமாகப் படிக்க வேண்டும். கிழவர் என்றால் கிழவர் குரல், போலீஸ் என்றால் போலீஸ் குரல். அதைக் கேட்டுக்கொண்டேதான் பென்சில் பிடிப்பாள். பேசாத ஆளை அவளால் வரையவே முடியாது. “அவன் வாயைத் தொறந்தாத்தான் அக்கா மூஞ்சி தெரியும்” என்பாள். ஓரமாக ஒரு டீக்கடைக்காரர் வருவார், கதைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பாள். “சில்லறை இல்லைங்கறார்” என்றால் போதும். அந்த வசனம் வாய்க்கு மேல் வரைகிற பேச்சு பலூனில் ஏறாது, அச்சிலும் வராது. ஆனால் சில்லறை இல்லாத டீக்கடைக்காரரின் முகம் அப்படியே பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆகஸ்ட் இதழுக்கு ஆசிரியர் எழுதிய கதை இது. அடையாற்றில் வெளிநாட்டு உளவாளிகள் விஷம் கலக்கிறார்கள். விஷ மிஷினை ஆற்றங்கரைக் குடிசை ஒன்றின் அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாயகன் குடிசையை ஒற்றைக் கையால் தூக்கி மிஷினைக் கண்டுபிடிக்கிறான். கடைசிப் பக்கத்தில் ஆறு சுத்தம், கரையெல்லாம் பூங்கா, குழந்தைகள் கையில் கொடி. ஆசிரியர் பொய்யாக எழுதியதில்லை. தினமும் காலையில் ஆற்றுப் பாலத்தின் மேல் நடக்கிறவர். அந்த நாற்றத்தில் மனசு நொந்து எழுதினார்.

ஓவியர் எல்லாப் பக்கத்தையும் முடித்துவிட்டாள். குடிசையைத் தூக்குகிற அந்த ஒரு பக்கம் மட்டும் நின்றுவிட்டது. நாயகனை வரைந்துவிட்டாள். அவன் கையில் குடிசையையும் வரைந்துவிட்டாள். கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய், அது பறக்காமல் இருக்க ஒரு சைக்கிள் டயர், டிஷ் ஆன்டெனா, கதவுக்குப் பின்னால் மாட்டிய பள்ளிக்கூடப் பை, எல்லாம். சுற்றிலும் மட்டும் வெள்ளைத் தாள். கதையில் அந்த இடத்தில், ‘சுற்றிலும் மக்கள் கூட்டம். வசனம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

அச்சகத்தில் தேதி கொடுத்தாகிவிட்டது. இந்த இதழில்தான் முதல்முறையாக அட்டையில் அவள் பெயர் வரப்போகிறது. சுவரில் அவள் வரைந்த படம் எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை. மழை வந்தால் படமும் போய்விடும். அதனால் இந்த அட்டையை அவள் எவ்வளவு எதிர்பார்த்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு பக்கத்தை வரையாவிட்டால் இதழும் இல்லை, பெயரும் இல்லை. ஆசிரியர் வேறு ஆள் பார்க்க வேண்டி வரும். அதுவும் அவளுக்குத் தெரியும். அப்படியிருந்தும் அன்று மத்தியானம் அந்தத் தாளை மேஜையில் போட்டுவிட்டு, இவர் யாரை அடிக்க நிற்கிறார் என்று கேட்டாள்.

“யாரையும் அடிக்கலையேம்மா” என்றார் ஆசிரியர், துடைத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு. “குடிசைக்கு அடியில மிஷின் இருக்கு. அதை எடுக்கறான்.”

“எங்க குடிசைக்கு அடியில மண்ணுதான் சார் இருந்துச்சு. தோண்டுனா தண்ணி வரும்.”

எனக்கு இது தெரியும், பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் சொல்லியிருக்கிறாள். ஆசிரியருக்குத் தெரியாது. அவள் தூரத்திலிருந்து வருகிறாள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். அதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றுகிறது?

“எங்கேம்மா?”

“நீங்க வாக்கிங் போறீங்களே, அந்தப் பாலத்துக்குக் கீழாண்ட. நான் பத்தாவது படிச்சிக்கினு இருந்தப்போ கவர்ன்மென்ட்டுல குடிசையெல்லாம் எடுத்துட்டாங்க. இப்போ ஊருக்கு வெளியே ஏழாவது மாடில கீறோம்.”

ஆசிரியர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பிக் குடிசையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, “கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா இது குழந்தைகள் புஸ்தகம். இதுக்குள்ள அரசியலைக் கொண்டுவர வேண்டாம்னு பாக்கறேன்” என்றார்.

“தூக்குனா அரசியல் இல்லியா சார்? எறக்கி வெச்சாத்தான் அரசியலா?”

“அதுக்கில்லேம்மா...”

“சரி, அரசியலை வுடுங்க. தூக்கிட்டாரு. எங்க சார் வெப்பாரு? அதைச் சொல்லுங்க, வரையறேன்.”

ஆசிரியர் சட்டென்று அடுத்த பக்கத்தை இழுத்துப் பார்த்தார். அதற்கு முந்தியதைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். காமிக்ஸ் பைத்தியங்களுக்கு ஒரு வியாதி உண்டு. போன கட்டத்தில் நாயகன் கையில் கடிகாரம் இருந்தது, இந்தக் கட்டத்தில் காணோம் என்று கண்டுபிடித்துக் கடிதம் போடுவார்கள். எங்கள் ஆசிரியர் சின்ன வயதிலிருந்தே அந்த வியாதிக்காரர். இப்போது அவரே எழுதிய கதையில், நாலாவது கட்டத்தில் நாயகன் கையில் ஒரு முழு வீடு இருக்கிறது. ஐந்தாவது கட்டத்தில் கை காலி. வீட்டைக் காணோம். கதை எழுதியவருக்கும் தெரியவில்லை, வசனம் எழுதிய எனக்கும் தெரியவில்லை.

“எங்கே போச்சு?” என்றார் அவர். நிஜமாகவே பதறிவிட்டார்.

“அதான் சார் நானும் கேக்கறேன்.”

“பக்கத்துல வெச்சுடலாம்.”

“பக்கத்துல பார்க் வருதே. நீங்கதான எழுதிக்கீறீங்க.”

“அப்போ ரோட்டோரமா?”

நான் சும்மா இருக்கக் கூடாதா? “எந்த ரோடு சார்? தேனாம்பேட்டை சிக்னல்லயா? அங்க ஆட்டோ நிக்கவே இடமில்ல, வீட்டை வெச்சா ஹாரன் அடிச்சே கூரையைப் பிச்சிடுவாங்க” என்றேன். ஓவியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆசிரியருக்கு வரவில்லை. அவர் நிஜமாகவே மனசுக்குள் அந்த வீட்டைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் இடம் தேடிக்கொண்டிருந்தார்.

“அப்படியே பறந்துக்கினே போவாரு சார்” என்றாள் அவள். மேஜை மேல் விரலை வைத்துத் தெற்குப் பக்கமாக நகர்த்தினாள். காபி டம்ளரைத் தாண்டி, ஸ்கேலைத் தாண்டி, மேஜை முடிகிற இடம் வரை. “இதோ, இங்க வெப்பாரு. அவருக்குப் பத்து நிமிஷம். எங்கம்மாக்கு, பாத்திரம் தேய்க்கிற வூட்டுக்குத் திரும்பி வர ரெண்டு பஸ்ஸு.”

“என் நாயகன் தப்பு பண்ண மாட்டான்” என்றார் ஆசிரியர். அதட்டலாகச் சொல்லவில்லை. பரிதாபமாகச் சொன்னார், தன் பிள்ளையைப் பற்றி யாரோ புகார் கொண்டுவந்த மாதிரி.

பிறகு அவராகவே பேசினார். “சின்னப் பையனா இருக்கச்சே ரேஷன் கடையில அம்மாவோட நின்னுண்டு இருப்பேன். தெரிஞ்சவா எல்லாம் பக்கவாட்டுல வந்து வாங்கிண்டு போவா. அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா. மேலேர்ந்து ஒருத்தன் குதிச்சு இந்த க்யூவைச் சரி பண்ணினா எப்படி இருக்கும்னு நினைச்சிண்டே நிப்பேன். அவன்தாம்மா இவன். வேற யாருமில்லே.”

இவ்வளவு காலமாக அவரோடு வேலை செய்கிறேன், இதை அவர் சொன்னதே இல்லை. ஓவியர் அந்தத் தாளில் நிற்கிற நாயகனை ஒரு தடவை பார்த்தாள்.

“நல்ல ஆளுதான் சார்” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “ஆனா மேலயே பறந்துக்கினு இருந்தா, யாரு க்யூவுல நிக்கறா, யாரு பக்கவாட்டுல பூந்தான்னு எப்படித் தெரியும்? எறங்கி வந்து கேட்டாத்தான தெரியும்?”

“தப்பு பண்ணிட்டான்னா பசங்க அவனை மதிப்பாளா?”

“பண்ணட்டும் சார். எங்க பிளாக்குல பசங்க அதெல்லாம் மன்னிச்சிடுவாங்க. தூக்குன வூட்டைக் கீழ வெக்காத போனாத்தான் மன்னிக்க மாட்டாங்க.”

இந்த வார்த்தை எனக்கு அப்படியே பதிந்துவிட்டது. கடையில் நின்ற காலத்தில், நல்ல வார்த்தை காதில் விழுந்தால் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். அன்று எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் எழுந்து ஜன்னல் வரை போனார். வெளியே மாம்பழ வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு போனார். அவர் தெரு முனை திரும்புகிற வரை இவர் அங்கேயே நின்றார். திரும்பி வந்தபோது, பேங்கில் ஒரு முடிவு சொல்கிறவர் மாதிரி இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிக்கொண்டார்.

“கீழே வெக்கட்டும். அதே எடத்துல. ஆன்டெனாகூட ஆடாம வெக்கட்டும். வெச்சுட்டு, கூட்டத்தைப் பாத்துக் கேக்கட்டும்.”

“இன்னான்னு?”

“நான் என்ன பண்ணணும், நீங்களே சொல்லுங்கோன்னு.” சொல்லிவிட்டு அவரே திகைத்த மாதிரி இருந்தது. “இத்தனை புஸ்தகத்துல அவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதே இல்லே, தெரியுமோ?”

“பார்க்கு?” என்று கேட்டேன்.

“பார்க் வேண்டாம். விஷம் எங்கேர்ந்து வர்றதுன்னு அந்த ஜனங்களுக்குத்தானே முதல்ல தெரியும்? அவா சொல்லட்டும். அதுக்கப்பறம் இருக்கற பக்கத்தை நான் மாத்தி எழுதிடறேன்.”

“பாய் கத்துவாரு சார். தேதி கொடுத்திருக்கோம்.”

“தாடி விஷயத்துல அவர் சொன்னதை நான் கேட்டேனோல்லியோ? இப்போ நான் சொல்றதை அவர் கேக்கட்டும்” என்றார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

எனக்குக் கை பரபரத்தது. கூட்டத்துக்கு வசனம்! அதோ, ஐயோ, வாழ்க மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு பக்கம் நிறைய ஜனங்கள் பேசப்போகிறார்கள். தாளை என் பக்கம் இழுத்தேன். “நான் எழுதறேன். ஒரு கிழவி, ஒரு மீன்காரம்மா, கைக்குழந்தையோட ஒருத்தி...”

ஓவியர் என் கையைப் பிடித்தாள். “நீ எழுதாதக்கா.”

“ஏன்டி?”

“நல்லா எழுதிடுவ.”

எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது.

“அப்போ நீயே சொல்லேன். நீ பார்த்தவதானே?”

“நான் பார்க்கலக்கா. அன்னிக்கு ஸ்கூல்ல இருந்தேன். சாயங்காலம் வந்தப்போ வூடு இல்ல. அம்மா சாமான் மேல குந்திக்கினு இருந்துச்சு. யாரு இன்னா பேசுனாங்க, யாரு அழுதாங்க, யாரு சண்டை போட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. அதைக் கேக்க எனக்கு வாய் வரல, அம்மாவும் சொல்லல. இத்தினி வருஷம் ஆச்சு.” மேஜை மேல் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டே சொன்னாள். “அதான் இந்தப் பக்கத்துல ஒரு மூஞ்சிகூட வரல. பிடிவாதம்னு நினைச்சிக்கினு இருப்பீங்க சார். நிஜமாவே வரல.”

ஆசிரியர் கண்ணாடியைத் தொடவில்லை. “அவசரமில்லேம்மா” என்றார். “அச்சகத்துல நான் பேசிக்கறேன். நீ ஆத்துக்குப் போய், மெதுவா, எப்போ தோணறதோ அப்போ...”

அவள் தலையை ஆட்டினாள். பைக்குள்ளிருந்து மொபைலை எடுத்தாள். எங்களைப் பார்க்காமல் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தாள். நாலைந்து மணி அடித்த பிறகு அந்தப் பக்கம் எடுத்தார்கள். பின்னால் யாரோ தண்ணீர் பிடிக்கிற சத்தம்.

“இன்னாடி இந்த நேரத்துல? சாப்டியா?”

“சாப்டேம்மா” என்றாள் ஓவியர். பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். “யம்மா, நம்ம வூட்டை எடுத்தாங்களே, அன்னிக்கு நீ அவங்களாண்ட இன்னா சொன்ன?” என்று கேட்டாள்.